எம்1, ஏ9, ஏ380: ஒரே குறியீட்டுக்குப் பல சொந்தக்காரர்கள். யாரை முதலில் எழுதுவது?

#1 | தேக்கா வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டார நூலகத்தின் தமிழ் வாசிப்பு வட்டத்துக்கு வரும் உயர்நிலை மாணவர்களுக்காகச் சுவர்த்தாள் வரிசை ஒன்றைத் தயாரித்து வருகிறேன். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கும். அதே குறியீட்டைச் சுமக்கும் சாலை, கப்பல், விமானம், வானத்துப் பொருள் என எல்லாம் அதன் கீழே இடம்பெறும்.

எம்1 தாள் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பிரிட்டனில் எம்1 ஒரு நெடுஞ்சாலை. லண்டனிலிருந்து வடக்கே லீட்ஸ் நோக்கிப் போகும் அதன் முதல் பெரும் பகுதி 1959 நவம்பர் 2 அன்று திறக்கப்பட்டது. அதே நாட்டின் கடற்படையில் எம்1 என்றொரு நீர்மூழ்கிக் கப்பலும் இருந்தது. பெரிய போர்க்கப்பலுக்குரிய 12 அங்குலப் பீரங்கியைச் சுமந்த கலம் அது. 1925 நவம்பரில் ஸ்வீடன் நாட்டு வணிகக் கப்பல் ஒன்று மோதியதில், உள்ளே இருந்த அனைவருடனும் ஆங்கிலக் கால்வாயில் மூழ்கிப்போனது. வானியலாளர்களுக்கு எம்1 என்றால் நண்டு நெபுலா. சீன வானியலாளர்கள் 1054இல் பார்த்துப் பதிவு செய்த விண்மீன் வெடிப்பின் எச்சம். 1758இல் வால்நட்சத்திரம் தேடிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் மெஸ்ஸியே, வால்நட்சத்திரம் போலத் தோன்றி ஏமாற்றும் பொருள்களுக்காக ஒரு பட்டியல் வைத்துக்கொண்டார். அதில் முதலாவது இது. அமெரிக்கத் துருப்புகளின் கேரண்ட் துப்பாக்கியும் எம்1, ஏப்ரம்ஸ் டாங்கியும் எம்1. ஆப்பிள் 2020இல் வெளியிட்ட கணினிச் சில்லும் எம்1.

நம் சிங்கப்பூரில் எம்1 என்றதும் 1997இல் சேவை தொடங்கிய தொலைபேசி நிறுவனம்தான் நினைவுக்கு வரும். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் புள்ளிவிவரங்களைப் படிப்பவர்களுக்கு எம்1 என்பது பண அளவு: புழக்கத்தில் உள்ள ரொக்கமும், கேட்டவுடன் எடுக்கக்கூடிய வைப்புத்தொகையும்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இவற்றில் எதை முதல் வரியில் எழுதுவது? முதல் வரியைப் படித்துவிட்டு நகரும் பிள்ளைகள்தாம் அதிகம். அந்த வரியில் எது இருக்கிறதோ அதுவே அவர்கள் மனத்தில் எம்1 ஆகிவிடும். இது சின்ன விஷயம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. வேறு நல்ல குறியீடுகள் தெரிந்தால் அவற்றையும் சொல்லுங்கள்.


#2 | தென்மராட்சி

அக்கா, ஏ9 தாள் போடுவீர்களானால் முதல் வரியில் எது வரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் பெற்றோர் சாவகச்சேரிப் பக்கத்தவர்கள். நான் பிறந்து வளர்ந்தது இங்கே. ஆனால் எங்கள் வீட்டில் ஏ9 என்ற சொல் ஒருபோதும் வெறும் எண்ணாக ஒலித்ததில்லை. இலங்கையின் கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேரும் 321 கிலோமீட்டர் சாலை அது. போரின்போது ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு திறந்தார்கள். 2006 ஆகஸ்டில் மறுபடி மூடினார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் போகவும் வெளியே வரவும் விமானத்தையும் கப்பலையும் நம்பி மக்கள் காத்துக் கிடந்தார்கள். 2009இல் போர் முடிந்த பிறகுதான் படிப்படியாகத் திறந்தது. செய்தியில் "ஏ9 திறப்பு", "ஏ9 மூடல்" என்று வந்தால் எந்த நாட்டு ஏ9 என்று கேட்கத் தேவையே இருக்காது.

ஸ்காட்லாந்திலும் ஓர் ஏ9 உண்டு என்று தெரியும். அந்நாட்டின் மிக நீண்ட சாலை. ஜெர்மனியில் பெர்லினையும் மியூனிக்கையும் இணைப்பதும் ஏ9. அவற்றுக்கும் இடம் கொடுங்கள். ஆனால் தமிழில் எழுதப்படும் தாளில் அவை இரண்டாவது, மூன்றாவது வரிக்குத்தான் வரலாம்.


#3 | ஒழுங்குப்பித்தன்

நண்பர் தென்மராட்சியின் உணர்வை மதிக்கிறேன். இருந்தாலும் பட்டியல் என்பது வேறு வகைப் பொருள். ஒரு தாளில் உணர்வை வைத்து முதலிடம் கொடுத்தால் அடுத்த தாளிலும் அதையே செய்ய வேண்டிவரும். ஏ1 தாளில் என்ன செய்வீர்கள்? கொழும்பு–கண்டிச் சாலை ஏ1. லண்டன்–எடின்பரோ சாலை ஏ1. நம் பிள்ளைகளுக்கோ ஏ1 என்றால் சாதாரண நிலைத் தேர்வில் 75 மதிப்பெண்ணும் அதற்கு மேலும். ஓவியம் படிப்பவருக்கு அது காகித அளவு. இவர்களில் யாருடைய உணர்வு பெரியது என்று யார் தீர்ப்புச் சொல்வது?

நான் சொல்வது எளிது. எல்லாத் தாளிலும் ஒரே வரிசை: முதலில் சாலைகள், பிறகு கப்பல்கள், பிறகு விமானங்கள், வானியல், மருத்துவம், மற்றவை. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் நாடுகள் அகர வரிசையில். தேடுபவர் எங்கே பார்க்கவேண்டும் என்பதை ஒரு தாளிலேயே கற்றுக்கொண்டுவிடுவார்.


#4 | தேக்கா வாசகி

ஒழுங்குப்பித்தன் ஐயா, தேடுபவருக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். என் பிள்ளைகள் எதையும் தேடி வருவதில்லை, சுவரைக் கடந்து போகிறார்கள். அவர்களை நிற்கவைக்க வேண்டும். இருந்தாலும் பிரிவுகள் என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. கப்பல் பிரிவுக்கு யாராவது உதவ முடியுமா? அதில்தான் நான் மிகவும் தடுமாறுகிறேன்.


#5 | ஓய்வுபெற்ற மாலுமி

அம்மா, கப்பல் என்றதும் வந்துவிட்டேன்.

பிரிட்டிஷ் மரபில் கப்பலின் பக்கவாட்டில் தீட்டப்படும் குறியீட்டில் எழுத்துக்கு ஒரு பொருள் உண்டு. டி என்றால் நாசகாரிப் போர்க்கப்பல், எஃப் என்றால் ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல், ஆர் என்றால் விமானந்தாங்கி, எல் என்றால் படையினரையும் வண்டிகளையும் கரையிறக்கும் கப்பல், ஏ என்றால் எரிபொருளும் சரக்கும் சுமக்கும் துணைக்கப்பல். ஆகவே ஏ135 என்று கண்டால் அது சண்டை போடும் கப்பல் இல்லை என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். ஆர்கஸ் என்ற துணைக்கப்பலின் குறியீடு அது. இங்கிலாந்தின் வடகிழக்கில் யார்ம், ஸ்டாக்டன் ஊர்களை இணைக்கும் சாலையும் ஏ135 தான். சாலையில் ஏ என்பது முதன்மைச் சாலை, கப்பலில் ஏ என்பது துணைக்கப்பல். உங்கள் தாளில் இதை அவசியம் சேருங்கள்.

இந்தியக் கடற்படையும் இந்த மரபில் வந்ததுதான். 1961இல் சேவைக்கு வந்த பழைய விக்ராந்தின் குறியீடு ஆர்11. அது 1997இல் ஓய்வு பெற்றது. 2022 செப்டம்பரில் சேவைக்கு வந்த புதிய விக்ராந்துக்கும் அதே ஆர்11 கொடுக்கப்பட்டது. இது தற்செயல் அல்ல, வேண்டுமென்றே தரப்பட்ட வாரிசுரிமை. பிரிட்டனில் 1979இல் விடைபெற்ற ஆர்க் ராயலும் ஆர்09, 2025 ஜூனில் சிங்கப்பூருக்கு வந்துபோன பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ஆர்09. குறியீடு ஒன்று, கப்பல் இரண்டு, நடுவில் பல பத்தாண்டுகள்.

நம் சிங்கப்பூர்க் கடற்படையின் பெரிய கப்பல்களில் எழுத்து இல்லை, எண் மட்டும்தான். ஃபார்மிடபிள் 68, இன்ட்ரெபிட் 69, ஸ்டெட்ஃபாஸ்ட் 70 என்று போகும். அமெரிக்க விமானந்தாங்கி நிமிட்ஸின் எண்ணும் 68. சாங்கி கடற்படைத் தளத்தில் விமானந்தாங்கிகள் அணையும் அளவுக்கு ஆழமான துறை இருக்கிறது. ஒரே தளத்தில் இரண்டு 68 நின்றாலும் கடலில் வேலை செய்பவர் யாரும் குழம்பமாட்டார். உருவம், கொடி, வானொலி அழைப்புப் பெயர் என்று மூன்று சாட்சிகள் கூடவே இருக்கின்றன.

ஓர் எண்ணை மட்டும் நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். எண்டியூரன்ஸ் 207, பெர்சிஸ்டென்ஸ் 209, எண்டவர் 210. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலைக்குப் பிறகு ஆச்சேயின் மியூலாபோவுக்கு உதவி கொண்டுபோனவை இந்த மூன்று கப்பல்கள்தான். சாலைகள் அழிந்துபோன கரையில், கடல் வழியாகப் புல்டோசரையும் குடிநீரையும் மருந்தையும் இறக்கினார்கள். 207 என்று தேடினால் இணையத்தில் முதலில் வருவது பிரெஞ்சு கார்தான். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கான தாளில் 207 என்றால் எண்டியூரன்ஸ் முதல் வரியில் வரவேண்டும். இந்த விஷயத்தில் நான் தென்மராட்சித் தம்பியின் பக்கம்.


#6 | உட்லண்ட்ஸ் பயணி

ரயில் நிலையங்களை எல்லோரும் மறந்துவிட்டீர்களே! இந்த ஊரில் குறியீடுகளோடு நாள்தோறும் வாழ்கிறவர்கள் ரயில் பயணிகள்தாம்.

லிட்டில் இந்தியா நிலையம் வடகிழக்குப் பாதையில் என்இ7, டௌன்டவுன் பாதையில் டிடி12. என்இ7 என்பது பிரிட்டனில் நியூகாசில் நகரத்தின் ஓர் அஞ்சல் வட்டாரம். அங்கே என்இ என்பது நியூகாசில் பெயரின் எழுத்துகள், இங்கே வடகிழக்கு. நியூகாசில் இருப்பதும் இங்கிலாந்தின் வடகிழக்கில்! நம் ஹார்பர்ஃபிரண்ட் என்இ1, நியூகாசிலின் நகர மையமும் என்இ1.

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறு. எண் வரிசையில் இருக்கும் காலி இடங்களைப் பாருங்கள். வடக்கு–தெற்குப் பாதையில் செம்பவாங் என்எஸ்11, ஈசூன் என்எஸ்13. நடுவில் என்எஸ்12 பல ஆண்டுகள் காலியாகக் கிடந்தது. 2019 நவம்பர் 2 அன்று கான்பரா நிலையம் வந்து அதில் உட்கார்ந்தது. டௌன்டவுன் பாதையில் டிடி3க்கு அடுத்து டிடி5 என்று தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். 2025 பிப்ரவரியில் ஹியூம் திறந்ததும் டிடி4 கிடைத்தது. என்எஸ்6 இன்னும் வெறுமைதான், சுங்கை காடுட் நிலையத்துக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வட்டப் பாதையில் சிசி18 புக்கிட் பிரவுனுக்காகக் காத்திருக்கிறது. எங்கே வீடுகள் வரும், எங்கே மக்கள் குடியேறுவார்கள் என்ற எதிர்பார்ப்பு முழுவதும் அந்தத் தாண்டல்களில் எழுதியிருக்கிறது. சாலை எண்களிலும் கப்பல் எண்களிலும் இப்படி எதிர்காலத்தைப் படிக்க முடிவது அரிது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் விரைவுச்சாலைகளுக்கு எண்ணே கிடையாது, பிஐஇ, ஏஒய்இ, பிகேஇ என்று பெயரின் முதலெழுத்துகள் மட்டுமே. எல்லை தாண்டி ஜோகூருக்குள் நுழைந்தால் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை இ2 ஆகிவிடுகிறது. ஆனால் ஓர் எண் மட்டும் நம் தீவையும் விட்டுவைக்கவில்லை. ஆசிய நெடுஞ்சாலைத் திட்டத்தின் ஏஎச்2, இந்தோனேசியாவின் டென்பசாரில் தொடங்கி, சிங்கப்பூர் வழியாக மலேசியா, தாய்லாந்து என்று ஏறி, ஈரானின் கோஸ்ரவி வரை போகிறது.


#7 | காவிரிக்கரை

நான் வேலைக்காக இங்கே வந்தவன், ஊர் திருச்சி. ஒழுங்குப்பித்தன் அண்ணன் நாடு, பிரிவு என்று பிரிக்கச் சொல்கிறார். ஒரே நாடு, ஒரே பிரிவு, ஒரே எண், ஆனால் இரண்டு வெவ்வேறு சாலைகள் என்றால் என்ன செய்வீர்கள்?

சென்னையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு, விழுப்புரம் வழியாக எங்கள் ஊருக்கு வரும் பெருஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை 45. எங்கள் தலைமுறைக்கு அதற்கு வேறு எண் இல்லை. 2010இல் இந்தியா முழுவதும் எண்களை மாற்றினார்கள். வடக்கு–தெற்காகப் போகும் சாலைகளுக்கு இரட்டை எண், அது கிழக்கிலிருந்து மேற்காகப் போகப்போகக் கூடும். கிழக்கு–மேற்குச் சாலைகளுக்கு ஒற்றை எண், அது வடக்கிலிருந்து தெற்கு நோக்கிக் கூடும். நல்ல முறைதான், எண்ணைச் சொன்னால் நாட்டில் ஏறத்தாழ எங்கே என்று ஊகிக்கலாம். ஆனால் எங்கள் 45 துண்டு துண்டாகிவிட்டது. சென்னையிலிருந்து திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, அதற்குப் பிறகு திருச்சிக்கு 38. இன்றைய 45 மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை இருந்த பழைய 7இன் பெரும்பகுதி இன்று ஸ்ரீநகர்–கன்னியாகுமரி 44.

ஊரில் பெரியவர்கள் இன்னும் 45 என்றே சொல்கிறார்கள். பழைய செய்தித்தாளில் "45இல் விபத்து" என்று படித்துவிட்டு இன்றைய வரைபடத்தில் தேடினால் ஜபல்பூரில் போய் நிற்பீர்கள். ஆகவே தாளில் ஆண்டு கட்டாயம் வேண்டும். ஆண்டு இல்லாத குறியீடு பாதிக் குறியீடு.


#8 | பிடோக்வாசி

இவ்வளவு தூரம் போகவேண்டாம், நம் அடுக்குமாடிக் கட்டடங்களின் புளோக் எண்களைப் பாருங்கள். பிடோக்கில் இருக்கும் புளோக் எண் அங் மோ கியோவிலும் இருக்கும், ஈசூனிலும் இருக்கும். அவென்யூ 3 என்றால் எத்தனை பேட்டைகளில் அவென்யூ 3!

எங்கள் தந்தையாருக்கு வரவேண்டிய மருந்துப் பொட்டலம் வேறொரு பேட்டையில் இதே புளோக் எண், இதே மாடி, இதே வீட்டு எண்ணுக்குப் போய்விட்டது. தொலைபேசியில் முகவரியை எழுதிக்கொண்டவர் அஞ்சல் எண்ணைக் கேட்கவில்லை. அந்த வீட்டு அம்மா நல்லவர். உறையில் தமிழ்ப் பெயரைப் பார்த்துத் தம் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தின் உதவியோடு எங்களைத் தேடிப் பிடித்தார். மருந்து இரண்டு நாள் தாமதமாக வந்தது. வயதானவர் விஷயத்தில் அந்த இரண்டு நாள் சாதாரணமல்ல. குறியீடு மோதுவதைப் பொழுதுபோக்காகப் பேசும்போது இதையும் பேசுங்கள்.


#9 | தேக்கா வாசகி

பிடோக்வாசி, நல்ல வேளையாகப் பொட்டலம் கிடைத்தது. இதை நான் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்வேன். 1995இல் வந்த ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடம் பஃபலோ ரோடு புளோக் 665, அதன் அஞ்சல் எண் 210665. முதல் இரண்டு இலக்கம் வட்டாரம், கடைசி மூன்றும் புளோக் எண். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, சி என்று எழுத்து இருந்தால் நடுவில் இருக்கும் பூஜ்யத்தின் இடத்தில் 1, 2, 3 வரும். எண்ணை மனப்பாடம் செய்யவே வேண்டாம், தானாகவே சொல்லிவிடலாம். ஒரே புளோக் எண் எத்தனை பேட்டைகளில் இருந்தாலும் அஞ்சல் எண் ஒன்றே ஒன்றுதான்.


#10 | சைவச் சமையலறை

இ என்ற எழுத்தை யாரும் தொடவில்லை. உணவுப் பொட்டலங்களில் இருக்கும் இ எண்களைச் சொல்கிறேன்.

அந்த வரிசையின் முதல் எண் இ100. அது என்ன தெரியுமா? மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின், நம் மஞ்சளின் நிறம்! அதே வரிசையில் இ120 ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு, இ621 சுவைக்குச் சேர்க்கும் மோனோசோடியம் குளுட்டமேட். ஐரோப்பாவின் பன்னாட்டுச் சாலைகளுக்கும் இதே இ எழுத்துதான். கலே துறைமுகத்திலிருந்து கஸகஸ்தான் வரை போகும் இ40 அந்த வரிசையில் மிக நீளமானது.

என்னைப் போன்ற மரக்கறி உண்பவர்களுக்குப் பெரிய தொல்லை இ471. ரொட்டி, பிஸ்கட், ஐஸ்கிரீம் என எதிலும் இருக்கும். அதைத் தாவர எண்ணெயிலிருந்தும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். இரண்டுக்கும் ஒரே எண். முஸ்லிம் தோழிகளுக்கும் இதே சிக்கல்தான், அவர்கள் ஹலால் முத்திரையைப் பார்க்கிறார்கள், நான் மரக்கறி முத்திரையைத் தேடுகிறேன். குறியீட்டைப் படித்துவிட்டோம் என்பதால் பொருளைத் தெரிந்துகொண்டோம் என்று ஆகிவிடாது.


#11 | ஒழுங்குப்பித்தன்

இந்த இழை எங்கெங்கோ போகிறது, மகிழ்ச்சி. நானும் சில பொருள்களைச் சேர்க்கிறேன்.

மோதலை முன்கூட்டியே தவிர்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் மாநிலங்களுக்கிடையே போகும் நெடுஞ்சாலைகளில் 50, 60 என்ற எண்கள் கிடையாது. அதற்கு முன்பே 50, 60 என்ற பழைய நெடுஞ்சாலைகள் இருக்கின்றன. பழைய வரிசை வடக்கிலிருந்து தெற்காக ஏறுகிறது, புதிய வரிசை தெற்கிலிருந்து வடக்காக ஏறுகிறது. நாட்டின் நடுவில் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில், ஒரே மாநிலத்தில் ஒரே எண்ணுடன் இரண்டு சாலைகள் ஓடக்கூடாது என்று அந்த எண்களையே விட்டுவிட்டார்கள்.

எண்ணுக்கு உரிமை கொண்டாடியவர்களும் உண்டு. போர்ஷே தன் புதிய காருக்கு 901 என்று பெயரிட்டது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்க எண்கள் தமக்குரியவை என்று பிரெஞ்சுக் கார் நிறுவனமான பெஜோ எதிர்த்தது. 1964இல் அந்தக் கார் 911 ஆனது.

விமானங்களுக்கு வருவோம். ஏர்பஸ் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் ஏ3 என்றே தொடங்கும்: ஏ300, ஏ320, ஏ330, ஏ350, ஏ380. பிரிட்டனின் சாலை எண்களில் முதல் இலக்கம் வட்டாரத்தைக் காட்டும். 3 என்று தொடங்குபவை லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத் போகும் ஏ3க்கும், மேற்கே போகும் ஏ4க்கும் இடைப்பட்ட நிலத்தில் தொடங்குபவை. ஆகவே ஏர்பஸ் பெயர் கொண்ட சாலைகள் எல்லாம் இங்கிலாந்தின் தென்பகுதியில் குவிந்திருக்கின்றன. ஏ300 லண்டன் சதக் பகுதியில், ஏ350 டார்செட்டிலும் வில்ட்ஷையரிலும், ஏ380 டெவனில். ஏ380 விமானம் முதன்முதலில் கட்டணப் பயணிகளை ஏற்றிப் பறந்தது சாங்கியிலிருந்துதான். 2007 அக்டோபர் 25, சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு. பயண எண்கூட எஸ்கியூ380.

முதல் வரி பற்றி என் கருத்து இப்போது இது: படிப்பவர் வாழும் இடத்துக்கும் பேசும் மொழிக்கும் மிக நெருங்கியது முதல் வரியில் வரட்டும். இரண்டாவது வரியிலிருந்து நான் சொன்ன பிரிவுகள், அகர வரிசையில். முதல் வரிக்கு ஏன் அந்த இடம் என்பதை ஒரு சொற்றொடரில் எழுதிவிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.


#12 | துவாஸ் இரவுப்பணி

இரவுப்பணி முடிந்து படித்தேன். துறைமுகத்தில் இருந்து ஒரு கருத்து.

இங்கே மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு சரக்குப் பெட்டிக்கும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். முதல் மூன்று எழுத்து உரிமையாளர், நான்காவது எழுத்து யூ. உரிமையாளர் எழுத்துகளைப் பாரிஸில் இருக்கும் ஓர் அமைப்பு உலகம் முழுவதற்கும் பதிவு செய்கிறது. எண்ணில் ஓர் இலக்கம் தவறாகத் தட்டினாலும் சோதனை இலக்கம் ஒத்துவராது, கணினி உடனே நிறுத்திவிடும். கப்பலுக்கும் அப்படியே, ஏழு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. பெயர் மாறலாம், கொடி மாறலாம், முதலாளி மாறலாம், அந்த எண் கப்பல் உடைக்கப்படும் நாள் வரை மாறாது.

நம் கார் எண்ணின் கடைசியில் வரும் ஒற்றை எழுத்தும் அதே வேலையைத்தான் செய்கிறது. முன்னால் இருக்கும் எழுத்துகளையும் எண்களையும் பெருக்கிக் கூட்டி, 19ஆல் வகுத்து, மீதிக்கு ஓர் எழுத்து. ஆகையால் அந்த இடத்தில் 19 எழுத்துகள்தாம் வரும். ஐ, ஓ, கியூ போன்று பார்வைக்குக் குழப்பம் தருபவை அதில் இல்லை.

பிடோக்வாசியின் மருந்து தவறிப்போனதற்கும் எங்கள் பெட்டிகள் தவறாததற்கும் காரணம் ஒன்றுதான். யாரோ ஒருவர் பொறுப்பெடுத்து, "இந்த எண்ணை நான் கொடுத்தேன், வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். ஆகவே ஒவ்வொரு வரியிலும் அந்தக் குறியீட்டைக் கொடுத்தவர் யார் என்று எழுதுங்கள் அக்கா. எனக்கு நாட்டைவிடவும் ஆண்டைவிடவும் அதுவே முக்கியமாகப் படுகிறது.


#13 | ஓய்வுபெற்ற மாலுமி

துவாஸ் தம்பி சொன்னதை வழிமொழிகிறேன். கொடுத்தவரைத் தெரிந்தால் எழுத்தின் பொருள் தானாக விளங்கும். எம்33 என்ற சிறு போர்க்கப்பல் போர்ட்ஸ்மத்தில் இன்றும் காட்சிக்கு நிற்கிறது, 1915இல் கலிப்போலிப் போரில் ஈடுபட்டது. அங்கே எம் என்பது மானிட்டர் வகைக் கலம். வானத்தில் எம்33 என்பது முக்கோணக் கேலக்ஸி, அங்கே எம் என்பது மெஸ்ஸியே.


#14 | உட்லண்ட்ஸ் பயணி

கொடுத்தவர் என்றதும் கே2 நினைவுக்கு வந்தது. 1856இல் மான்ட்கோமரி என்ற நில அளவையாளர் காஷ்மீரில் ஒரு மலைமேலிருந்து தொலைவில் தெரிந்த காரகோரச் சிகரங்களுக்குத் தற்காலிகமாகக் கே1, கே2 என்று குறித்தார். கே1க்கு மாஷர்ப்ரும் என்ற உள்ளூர்ப் பெயர் இருந்தது, அது நிலைத்தது. 8,611 மீட்டர் உயரமுள்ள இரண்டாவது சிகரத்துக்குக் குறியீடே பெயராகிவிட்டது. பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்றும் கே2, வைட்டமின் ஒன்றும் கே2, கொரிய டாங்கி ஒன்றும் கே2. அடுத்த தாளாக இதைப் போடுங்களேன்.


#15 | தேக்கா வாசகி

அனைவருக்கும் நன்றி. ஏ9 தாளை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ஏ9
இலங்கை: கண்டி–யாழ்ப்பாணம் சாலை, 321 கி.மீ. மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு வழி. எண் கொடுத்தது இலங்கை அரசு. தமிழ் வாசகர்கள் ஏ9 என்றதும் நினைப்பது இதையே என்பதால் முதல் வரியில் வருகிறது. போரில் மூடப்பட்டது, 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009இல் போர் முடிந்த பிறகு மீண்டும் திறந்தது.
சாலைகள்: ஸ்காட்லாந்து, நாட்டின் மிக நீண்ட சாலை. ஜெர்மனி, பெர்லின்–மியூனிக்.
கப்பல்: பிரிட்டிஷ் கடற்படையின் ஏ வகை நீர்மூழ்கி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அந்த வகையில் ஒன்பதாவது.
படை வண்டி: இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் டாங்கி.
காகிதம்: 37 மி.மீ. அகலம், 52 மி.மீ. உயரம். பன்னாட்டுத் தர அளவு.
கைப்பேசிச் சில்லு: ஆப்பிள், 2015.

எம்1 தாளில் தொலைபேசி நிறுவனம் முதல் வரி, நாணய ஆணையத்தின் பண அளவு அடுத்த வரி, பிறகு பிரிவுகள். 207க்கு எண்டியூரன்ஸ். என்இ7க்கு லிட்டில் இந்தியா. எங்கெல்லாம் எண் மாறியதோ அங்கெல்லாம் ஆண்டு, காவிரிக்கரை சொன்னபடியே. இ100 தாளில் ஒரு மஞ்சள் கிழங்கை வரையப் பிள்ளைகளில் ஒருத்தி முன்வந்திருக்கிறாள்.


#16 | தென்மராட்சி

மிகவும் நன்றி அக்கா. ஒரே ஒரு திருத்தம். தம்புள்ளைக்கும் வவுனியாவுக்கும் நடுவில் மதவாச்சியைச் சேருங்கள். மன்னாருக்குப் பிரிந்து போகும் வழி அங்கேதான் இருக்கிறது. ஆனையிறவுக்குப் பிறகு சாவகச்சேரியையும் எழுதிவிடுங்கள், அம்மாவுக்குத் தாளைப் படமெடுத்துக் காட்டப்போகிறேன்.